வாயில்லா ஜீவனுக்கு வயிறு கெட்டால்...



தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வரிசை உண்டா? பொழுது விடியும் முன்பே தாயும் தகப்பனும் பிரட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். அதன் பிறகு வீட்டுக்குக் காவல் யார்? வாசற்படியில் படுத்திருக்கும் நாய்தானே! பாம்பு வந்தால் முதலில் குரைப்பது அது. அந்நியர் வந்தால் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துச் செய்தி சொல்வது அது. சம்பளமும் கேட்பதில்லை, மிஞ்சிய சோற்றைப் போட்டால் போதும் என்று கிடக்கிறது.

அப்படிப்பட்ட பிராணிக்கு ஒருநாள் வயிறு கெட்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சிலர், “புல்லைத் தின்னுட்டு தானா சரியாயிடும்” என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், வீட்டில் இருக்கிற மாத்திரை, கஷாயம், உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் அதன் வாயில் ஊற்றிப் பார்க்கிறார்கள். இரண்டுமே ஆபத்துதான். வயிற்றுக் கோளாறில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் தணிந்துவிடும். சில வகை மட்டும் ஒரே இரவில் உயிரைக் கொண்டுபோய்விடும். இது எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்தால், நாயும் பிழைக்கும், பட்டணத்துக்குப் போய்வரும் வீண் செலவும் மிஞ்சும். அதைத்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

ஏன் கெடுகிறது?

தீபாவளி முடிந்த மறுநாளும், கோயில் திருவிழாவில் கெடா வெட்டிய மறுநாளும் லயத்து நாய்களைக் கவனித்துப் பாருங்கள். பாதி நாய்கள் சுருண்டு படுத்திருக்கும். கொழுப்பும் எண்ணெயும் மசாலாவும் ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் அதன் வயிறு தாங்காது. கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களுக்குக் கணையத்தையே வீங்கச் செய்து, கடுமையான வலியையும் வாந்தியையும் கொண்டுவரும்.

கறிக்குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து, நாய்க்கோ அவை நஞ்சு. அதன் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை அவை உடைத்துவிடும். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும். பாலும் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ‘பாவம், பாலாவது குடிக்கட்டும்’ என்று இரக்கப்பட்டு ஊற்றுவது கழிச்சலை அதிகப்படுத்தக்கூடும். இவை தவிர, குப்பைத் தொட்டி, செத்த எலி, தேங்கிய சாக்கடை நீர் என்று காரணங்கள் நிறைய உண்டு.

முதல் நாள் செய்ய வேண்டியது

கழிச்சலிலும் வாந்தியிலும் முதலில் போவது உடம்பிலுள்ள தண்ணீர். ஆகவே தண்ணீர்தான் முதல் மருந்து. வாந்தி இல்லாமல் கழிச்சல் மட்டும் இருந்தால், சுத்தமான தண்ணீரை எந்நேரமும் அருகில் வையுங்கள். வாந்தியும் இருந்தால் பெரிய கிண்ணத்தை முன்னால் வைக்காதீர்கள். மடமடவென்று குடித்துவிட்டு மறுபடியும் கக்கிவிடும். சின்ன நாய்க்கு இரண்டு மூன்று தேக்கரண்டி, பெரிய நாய்க்குக் கால் கோப்பை, இப்படிக் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கொடுங்கள். தானாக நக்கிக் குடிக்கட்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

வாந்தி எடுக்கும் வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை சாப்பாட்டை நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். குட்டிகளைப் பட்டினி போடலாகாது. அவற்றின் உடம்பில் சர்க்கரைச் சத்து சீக்கிரம் இறங்கிவிடும்.

வாந்தி நின்றதும், குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா, வெங்காயம் எதுவும் வேண்டாம். ஒரே வேளையாகப் போடாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலம் கெட்டிப்பட்ட பிறகு, வழக்கமான சாப்பாட்டை மூன்று நாளில் சிறிது சிறிதாகக் கலந்து பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மனிதர் சாப்பிடும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். உடம்பு வலிக்கு விழுங்கும் சில மாத்திரைகள் அதன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கழிச்சலை நிறுத்தும் மாத்திரையும் மருத்துவர் சொல்லாமல் கூடாது.

ஒரு பழைய நோட்டுப்புத்தகம்

இந்த நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். பழைய நோட்டுப்புத்தகத்தில் நேரத்தைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வாந்தி எடுத்தது, எத்தனை முறை கழிந்தது, நிறம் என்ன, எவ்வளவு தண்ணீர் குடித்தது, சிறுநீர் போனதா? இவ்வளவுதான். பெற்றோர் வெளிக்காட்டில் இருக்கும்போது நடந்ததெல்லாம் அதில் இருக்கும். “நேத்துலேருந்து கழியுது சார்” என்று சொல்வதைவிட, அந்தத் தாளை நீட்டினால் மருத்துவருக்கு நோயைக் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும்.

கூடவே இரண்டு சோதனைகளைப் பழகிக்கொள்ளுங்கள். நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அடுத்தது, பிடரித் தோலைச் சற்றே இழுத்து விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. கூடாரம்போல் நின்று மெதுவாக இறங்கினால், அல்லது ஈறு காய்ந்து ஒட்டினால், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது கைவைத்தியம் போதாது, ஊசி வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

மலத்தில் இரத்தம் வந்தாலும், தார்போல் கறுத்துப் போனாலும், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வந்துகொண்டே இருந்தாலும், எழுந்து நிற்க முடியாமல் போனாலும், ஒரு நாளுக்கு மேல் தணியாமல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். கக்க வருவதுபோல் குமட்டிக் குமட்டி ஒன்றும் வராமல், வயிறு மேளம்போல் உப்பினால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். குட்டி, கிழட்டு நாய், சினையாக இருக்கும் நாய் ஆகியவற்றுக்கு இன்னும் அவசரம்.

குட்டிகளைக் கூட்டமாகக் கொண்டுபோகும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் பார்வோ. 1978-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இந்தக் கிருமி, உலகமெங்கும் பரவிவிட்டது. குட்டி சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு தாங்க முடியாத நாற்றத்தோடு இரத்தக் கழிச்சல் வரும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சீக்கிரம் கொண்டுபோனால் பல குட்டிகளைக் காப்பாற்றிவிடலாம். நோய் போன பிறகும் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். வேறு எந்த மருந்துத் தண்ணீரையும் அதோடு கலக்காதீர்கள். தடுப்பூசி போடாத புதுக் குட்டியை அங்கே உடனே கொண்டுவரவும் கூடாது.

இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒருவராகப் போனால் வண்டிச் செலவு கையைக் கடிக்கும். ஒரே லயத்தில் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு வண்டியில் போய்வந்தால் என்ன?

எலி மருந்தும் களைக்கொல்லியும்

செம்பனைக் காட்டில் எலிகளுக்கு வைக்கும் மருந்து மெழுகுக் கட்டிபோல் இருக்கும். நாய் அதைத் தின்றால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறையாமல் செய்பவை. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். இதற்கு மாற்று மருந்து உண்டு, அது கே-1 வைட்டமின். ஆகவே தின்றதைப் பார்த்தால், நோய்க்குறி வரட்டும் என்று காத்திராமல் மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

களைக்கொல்லியான பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. ஆனாலும் கொட்டகை மூலையில் பழைய போத்தல் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். அதைத் தின்றாலோ குடித்தாலோ முதலில் வாந்தியும் கழிச்சலும்தான் வரும், பிறகு நுரையீரல் கெட்டுவிடும். நாய்க்கு மட்டுமா? பிள்ளைக்கும் இதே கதிதான். எந்த நஞ்சையும் சர்பத், மினரல் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி வைக்காதீர்கள்.

நஞ்சு உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கச் செய்வது நம்மிடையே உள்ள பழக்கம். அதை விட்டுவிடுங்கள். அந்த உப்பே நாயைக் கொன்றுவிடலாம்.

பிள்ளைகளுக்காகவும்தான்

நாய் புரளும் அதே மண்ணில்தான் நம் பிள்ளைகள் கோலி விளையாடுகிறார்கள். நாயின் மலத்திலிருந்து வரும் கொக்கிப் புழு, வெறுங்காலில் தோலுக்குள் புகுந்து அரிக்கும். கழிச்சலும் கறுத்த மலமும் வெளுத்த ஈறும் உள்ள குட்டிக்குப் பெரும்பாலும் இந்தப் புழுத்தொல்லை இருக்கும். குட்டிகளுக்கு இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அளவை எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்லுவார். மலத்தை மண்வெட்டியால் அள்ளிப் புதைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும், நம்மையும் பிடிக்கும். வாந்தியோடு கண் மஞ்சளாகத் தெரிந்தால் அதன் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் அருகே போகவே வேண்டாம்.

இன்னும் ஒன்று, இதுதான் மிக முக்கியம். நாய் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவித்தால், ‘தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது’ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் தோன்றும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் தொடங்கிப் பல உயிர்களைப் பறித்தது. அந்நோயின் குறி மனிதரிடம் தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நாய் கடித்தாலோ, அதன் எச்சில் காயத்தில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

இன்றே செய்துவிடுங்கள்

பிள்ளைக்கு வயிறு வலித்தால் “அம்மா, வலிக்குது” என்று சொல்லிவிடும். நாய்க்கு அந்த வாய் இல்லை. நலமாக இருக்கும்போது அது எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான், நோய் வந்தபோது வித்தியாசம் புரியும். ஆகவே இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் உங்கள் நாயைக் கூப்பிட்டுத் தடவிக் கொடுத்து, உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்து வையுங்கள். சில நாய்களுக்கு ஈறு இயற்கையிலேயே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். பக்கத்துப் பட்டணத்துக் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், அரசாங்கத்தின் மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் எண்ணையும் விசாரித்து, நாட்காட்டியின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். இராத்திரி நேரத்தில் தேடினால் கிடைக்காது.