ரெண்டு டேங்க்... ஒரே கணக்கு!

'மச்சி, நம்ம வண்டி செம மைலேஜ்டா!' - கேன்டீனில் இந்த டயலாக்கை விடாத ஆள் உண்டா? சரி பாஸ், எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டுப் பாருங்க. 'அதெல்லாம் ஒரு ஐடியாதான்'னு பதில் வரும். ஒரு டேங்க் இருக்குற வண்டிக்கே இந்தக் கதின்னா, ரெண்டு டேங்க் இருந்தா?

முதல்ல ஒரு மேட்டரை க்ளியர் பண்ணிடலாம். பழைய பைக்குகளில் 'ரிசர்வ்' இருக்கே, அது தனி டேங்க் கிடையாது. ஒரே டேங்குக்குள்ள ரெண்டு குழாய். ஒண்ணு உயரம், ஒண்ணு குட்டை. 'ஆன்'ல உயரமான குழாய் வழியா பெட்ரோல் வரும். அந்த மட்டத்துக்குக் கீழே போயிட்டா வண்டி மக்கர் பண்ணும். ரிசர்வுக்குத் திருப்பினா, குட்டைக் குழாய் அடியில இருக்குறதை எடுக்கும். புதுசா ஒரு சொட்டுகூடச் சேரலை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு விற்பனையாகும் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் பெரும்பாலும் இந்தத் திருகே இல்லை.

நிஜமான ரெண்டாவது டேங்க் சமாச்சாரத்துக்குப் போடிக்கு வாங்க. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு விடியற நேரத்துல ஜீப்புகள் மலையேறும் ஊர். போடிமெட்டு போக 17 கொண்டை ஊசி வளைவு. தாண்டினா பூப்பாறை, சாந்தன்பாறைன்னு கேரள எல்லைக்குள்ள தோட்டங்கள். அப்படி ஓடுற ஒரு டீசல் ஜீப்புல எக்ஸ்ட்ரா டேங்க் இருக்குன்னு வெச்சுக்கலாம்.

ரெண்டு டேங்கையும் ஃபுல் பண்ணியாச்சு. 480 கி.மீ. ஓடின பிறகு அதே பங்க்குல மறுபடி ஃபுல் பண்றோம். மெயின் டேங்க் 31 லிட்டர் குடிக்குது. 480-ஐ 31-ஆல வகுத்தா, லிட்டருக்கு 15 கி.மீ.க்கு மேல! டிரைவர் அண்ணன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. ஆனா, எக்ஸ்ட்ரா டேங்கும் 17 லிட்டர் கேட்குதே? மொத்தம் 48 லிட்டர். அப்போ நிஜ மைலேஜ் வெறும் 10. டீசல் லிட்டர் 90 ரூபாய்னு வெச்சாலும், 1,530 ரூபாய் கணக்குக்கு வெளியே ஒளிஞ்சுக்கிட்டிருந்திருக்கு.

இதுல என்ன பெரிய விஷயம்னு நினைக்காதீங்க. தலைக்கு இவ்வளவுன்னு வாடகை பேசுறது இந்த மைலேஜை நம்பித்தான். கணக்கு தப்பானா கை கடிக்கும். கை கடிச்சா, 'இன்னும் ரெண்டு பேரை ஏத்திக்கலாமே'ன்னு தோணும். அந்த ரெண்டு பேரோட பாரம் 17 வளைவிலும் பிரேக் மேலதான் விழும்.

டீசல் வண்டியில இன்னொரு சூட்சுமம் உண்டு. பம்ப் இழுக்குற டீசல் முழுக்க எரியாது. மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்குத் திரும்பும். எக்ஸ்ட்ரா டேங்கிலிருந்து இழுத்து, மிச்சத்தை மெயின் டேங்குல கொட்டுற மாதிரி பைப் மாட்டியிருந்தா போச்சு! மெயின் டேங்க் முள் ஏறும். 'அடடே, வண்டி டீசல் தயாரிக்குது'ன்னு சந்தோஷப்பட வேண்டியதுதான். டேங்க் நிரம்பி வழியவும் செய்யும். அதனாலதான் டேங்க் மாத்துற வால்வு, போற லைன், வர்ற லைன் ரெண்டையும் சேர்த்தே திருப்பணும். மேட்டுல, சரிவுல நிக்கும்போது முள் ஆடுறது தனிக் கதை. ஆக, முள்ளை நம்பாதீங்க; பங்க் பில்லை நம்புங்க.

போகும்போது மட்டும் அளந்தாலும் தப்பு. ப்ளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் - மூணையும் பெருக்குங்க. ஆளோட சேர்த்து 2 டன் ஜீப்பை சுமார் 1,000 மீட்டர் தூக்கணும்னா, அந்தத் தூக்குற வேலைக்கு மட்டுமே ஏறக்குறைய 2 லிட்டர் டீசல் காலி. இறங்கும்போது அது திரும்பக் கிடைக்காது. பிரேக்குல சூடாப் போயிடும். அதனால போக, வர சேர்த்துத்தான் கணக்கு.

'இறக்கத்துல நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிப்பேன்'னு சொல்ற ஆளா நீங்க? வேண்டாம் பாஸ். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள், கியரில் இறங்கும்போது காலை எடுத்தாலே எரிபொருளை நிறுத்திடும். நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். இன்ஜினையே ஆஃப் பண்ணினா இன்னும் மோசம். பவர் பிரேக் வண்டியில ரெண்டு மூணு மிதிக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி ஆயிடும்.

நோட்டு போட்டா என்ன சாதிக்கலாம்? 1986 டிசம்பர்ல டிக் ருடானும் ஜீனா யேகரும் 'வாயேஜர்' விமானத்துல நடுவுல எங்கேயும் இறங்காம, எரிபொருள் நிரப்பாம 9 நாள்ல உலகத்தையே சுத்தி வந்தாங்க. மொத்தம் 17 டேங்க்! பேலன்ஸ் குலையாம ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாத்திக்கிட்டே, கணக்கும் எழுதணும். கிளம்பும்போது 3,100 கிலோவுக்கு மேல இருந்த எரிபொருள், இறங்கும்போது 50 கிலோகூட இல்லை!

உங்களுக்கு 17 எல்லாம் வேண்டாம். ஒரு குயர் நோட்டுல நாலு காலம் போதும்: தேதி, மீட்டர் ரீடிங், மெயின் டேங்க் லிட்டர், எக்ஸ்ட்ரா டேங்க் லிட்டர். சமதரையில நிறுத்தி, பங்க் துப்பாக்கி தானா 'டக்'னு நிக்கிற வரை மட்டும் நிரப்புங்க. ஒரு டேங்கிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்துறது செலவு இல்லை; வெளியே இருந்து உள்ளே வந்தது மட்டும்தான் கணக்கு. அப்புறம், புதுசா டேங்க் மாட்டுற ஐடியா இருந்தா முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, இஷ்டத்துக்கு வண்டியை மாத்த விடாது.

நாலு வாரம் எழுதிப் பாருங்க. மைலேஜ் திடீர்னு விழுந்தா லீக்கா, ஏர் ஃபில்டரா, டயர் காத்தான்னு தேட ஆரம்பிச்சுடலாம். டூர் செலவைப் பங்கு போடும்போது சண்டையும் வராது. அடுத்த வாட்டி கேன்டீன்ல 'செம மைலேஜ்டா'ன்னு யாராவது ஆரம்பிச்சா, ஒரே கேள்வி கேளுங்க:

'நோட்டு எங்கே மச்சி?'