டாக்டர் படம் இருக்கட்டும், ஓ.பி. நேரம் எங்கே?

புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கும் ஆசாமி நான். சில வருடங்களாக நான் புடுங்கும் ஆணிகளில் பெரும்பாலானவை டாக்டர்களுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது. பல் டாக்டர், குழந்தை டாக்டர், முப்பது படுக்கை நர்சிங் ஹோம் என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. இதில் எனக்கு உறுதியாகிப்போன ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆஸ்பத்திரியின் இணையத்தளம் என்பது அதன் ரிசப்ஷன் கவுன்ட்டர். அங்கே போய் நிற்கிறவர் என்ன கேட்பாரோ, அதற்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைக் கல்யாண மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரி நினைத்துக்கொண்டு காசு செலவழிக்கிறார்கள்.

வெளியூரில் குடித்தனம் நடத்தும் நமக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சொந்த ஊரில் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், யார் கைராசிக்காரர் என்பதெல்லாம் பக்கத்து வீட்டிலோ மருந்துக்கடையிலோ கேட்டால் தெரிந்துவிடும். இங்கே யாரைக் கேட்பது? ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் நாம் முதலில் தட்டும் கதவு செல்போன்தான். அதேபோல ஊரில் தனியாக இருக்கும் அப்பாவை நாளைக்கு எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தேடுவதும் அதே செல்போனில்தான். இரண்டு பக்கமும் இணையத்தளத்தை நம்பியிருப்பவர்கள் நாம்.

சரி, டாக்டர்கள் என்ன கேட்கிறார்கள்?

முதல் சந்திப்பிலேயே ஏதாவது ஒரு பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியின் தளத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் வேண்டும். நிர்வாக இயக்குநரின் வாழ்த்துரை வேண்டும். "புனேயின் நம்பர் ஒன்" என்று கொட்டை எழுத்தில் ஓட வேண்டும். குணமான நோயாளிகள் பாராட்டுவது போல நாலு வரி வேண்டும். எல்லாம் கேட்டு முடித்தபிறகு, "டாக்டர், ஓ.பி. நேரம் என்ன போடட்டும்?" என்று நான் கேட்பேன். "அது மாறிக்கிட்டே இருக்கும், விடுங்க. போன் பண்ணிக் கேட்டுக்கட்டும்" என்று பதில் வரும்.

மாறிக்கொண்டே இருப்பதால்தானே ஐயா அதைப் போட வேண்டும்! மாறாத விஷயத்துக்குச் சுவரில் மாட்டிய போர்டே போதுமே. போன் பண்ணினால் மட்டும் என்ன நடக்கிறது? கவுன்ட்டரில் இருக்கும் ஒரே ஒரு பெண் பில் போட்டுக்கொண்டும் டோக்கன் கொடுத்துக்கொண்டும் இருப்பார். பாவம், அவர் எத்தனை போனைத்தான் எடுப்பார்?

என்னைக் கேட்டால், முதல் பக்கத்தில் இவை இருந்தால் போதும். மற்றதெல்லாம் பிறகு.

1. தொலைபேசி எண். படத்துக்குள் இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். விரலால் தொட்டால் அழைப்பு போக வேண்டும். இரவில் அவசரச் சிகிச்சை கிடையாது என்றால் அதையும் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். வலியோடு வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பதைவிடக் கொடுமை கிடையாது.

2. எந்த டாக்டர், எந்தக் கிழமை, எத்தனை மணி. லீவு நாட்கள். கூடவே இந்த விவரம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதி.

3. டாக்டரின் பட்டம், பதிவு எண், எந்த மாநில மருத்துவக் கவுன்சில் என்ற விவரம்.

4. டாக்டர் பேசும் மொழிகள்.

5. ஆலோசனைக் கட்டணம். எந்தெந்த இன்ஷூரன்சுக்கு கேஷ்லெஸ் உண்டு என்பது.

6. வழி. லிஃப்ட் உண்டா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா.

7. டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை அறிக்கை நகல் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது.

நாலாவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்து இங்கே வைத்திருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். போன வருடம் என் மாமியார் வந்திருந்தபோது, "வாய்வு பிடிச்சுக்கிட்டு நெஞ்சைக் கரிக்குதுன்னு சொல்லு" என்றார். தங்கமணி அதை இந்தியில் மொழிபெயர்ப்பதற்குள் திணறிப்போனார். வாய்வுக்கு இந்தியில் என்ன சொல்வது, அது டாக்டருக்கு இதய வலி என்று கேட்டுவிட்டால் என்ன ஆவது? இந்த ஊரிலும் தமிழ் பேசும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தளத்தில் "மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ்" என்று ஒரே ஒரு வரி இருந்தால் எத்தனை வீடுகளுக்கு உபகாரம்! அந்த வரிக்கு ஆகும் செலவு பூஜ்ஜியம்.

இதெல்லாம் ஏதோ என் சொந்த ஆசை என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டு விதியே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, டாக்டர் விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பது ஒழுங்கீனம். ஆனால் பிராக்டீஸ் தொடங்குவது, முகவரி மாறுவது, தற்காலிகமாக ஊரில் இல்லாதது, கட்டணம் எவ்வளவு என்பது போன்றவற்றைப் பத்திரிகையில் அறிவிக்கலாம். நர்சிங் ஹோம் மாதிரி நிறுவனமாக இருந்தால் விளம்பரம் செய்யலாம். அதிலும் பெயர், எந்த மாதிரி நோயாளிகளைச் சேர்ப்பார்கள், என்ன வசதி, என்ன கட்டணம் போன்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை வெளியிட்டது. அதே மாதம் அவை நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன.

கவனித்தீர்களா? அனுமதிக்கப்பட்டவை எல்லாமே நோயாளிக்குத் தேவையான தகவல்கள். தடுக்கப்பட்டவை எல்லாம் நம் டாக்டர்கள் என்னிடம் ஆசையாகக் கேட்கும் அலங்காரங்கள் :-)

பதிவு எண் விஷயம் இன்னும் தெளிவு. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், மருந்துச் சீட்டு, ரசீது இவற்றோடு இணையத்தளத்திலும் பதிவு எண்ணைப் போடச் சொல்கிறது. அந்த எண்ணையும் பெயரையும் வைத்து ஆணையத்தின் தளத்தில் உள்ள பதிவேட்டில் நாமே தேடிப் பார்க்கலாம். அதே வழிகாட்டுதலில் நமக்கு உபயோகமான இன்னொன்றும் உண்டு. நோயாளிக்குப் பதிலாக அவரைப் பராமரிப்பவர் டாக்டரிடம் தொலைவிலிருந்து பேசலாம். அதற்கு முறையான ஒப்புதலோ உறவைக் காட்டும் ஆதாரமோ வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவுக்காகப் புனேயில் இருக்கும் மகள் பேசலாம் என்று அர்த்தம். இதை எத்தனை ஆஸ்பத்திரித் தளங்கள் சொல்கின்றன? நான் பார்த்தவரை ரொம்பக் குறைவு.

மருத்துவ ஆவணங்களும் அப்படித்தான். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 விதி. ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருக்கும் நம் போன்றவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறென்ன?

அடுத்தது, படிவம். "அப்பாயின்ட்மென்ட் ஃபார்ம்ல வயசு, எடை, முன்னாடி இருந்த வியாதி, சாப்பிடற மருந்து எல்லாம் கேளுங்க" என்பார்கள். எதற்கு? நேரம் ஒதுக்கப் பெயரும் போன் நம்பரும் போதும். வியாதி விவரத்தை டாக்டர் அறைக்குள் கேட்டுக்கொள்ளலாம். படிவத்தில் நிரப்பியதெல்லாம் பெரும்பாலும் பாதுகாப்பில்லாத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போய் விழுகிறது. அந்தக் கடவுச்சொல் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பெரிய இடங்களே தடுமாறுகிற விஷயம் இது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் கணினிகள் தாக்கப்பட்டு, சுமார் இரண்டு வாரம் பல வேலைகளைக் கையால் எழுதிச் செய்தார்கள். அதே வருடம் ஜூனில் அமெரிக்காவில் 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் அந்நாட்டின் முன்னணி ஆஸ்பத்திரிகள் நூறின் தளங்களைச் சோதித்தது. 33 தளங்களில் ஃபேஸ்புக்கின் 'பிக்ஸல்' என்ற வேவுத் துணுக்கு இருந்ததையும், நோயாளி டாக்டரிடம் நேரம் கேட்டுப் பொத்தானை அழுத்தியதும் அந்தச் சேதி ஃபேஸ்புக்குக்குப் போனதையும் கண்டுபிடித்தது. விளம்பரம் எவ்வளவு பேரைச் சேர்ந்தது என்று பார்க்க வைக்கிற துணுக்குதான் அது. நம் ஊர் மார்க்கெட்டிங் ஆட்களும் முதலில் சொருகச் சொல்வது அதைத்தான். சர்க்கரை டாக்டரின் தளத்துக்கு நான் போனேன் என்ற சேதி என் அனுமதி இல்லாமல் மூன்றாவது ஆளுக்கு ஏன் போக வேண்டும்?

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இது தெரியாமல் வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே இறக்கி, "நாங்கள் ஹிப்பா சட்டத்தைப் பின்பற்றுகிறோம்" என்று கீழே போட்டிருக்கும் புனே கிளினிக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஹிப்பா என்பது 1996-ல் வந்த அமெரிக்கச் சட்டம் சாமி!

"இதுக்கெல்லாம் தளமே எதுக்கு? கூகுள் மேப்பும் வாட்ஸப்பும் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மேப்பில் இருப்பது அவசியம்தான். ஆனால் அதில் நேரம் மாறிவிட்டதாக யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். உங்கள் பெயரைத் தேடினால் பக்கத்திலேயே போட்டி ஆஸ்பத்திரியின் விளம்பரம் வரலாம். வாடகை வீட்டில் ஆணி அடிப்பது மாதிரி அது. "எங்கள் தளத்தில் இருப்பதே சரியான நேரம்" என்று சொல்ல டாக்டருக்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும்.

சொந்தம் என்று சொல்லும்போது இன்னொன்று. தளத்தின் பெயர் டாக்டர் பேரில் பதிவாகியிருக்க வேண்டும், செய்து கொடுத்தவன் பேரில் இருக்கக் கூடாது. என் தொழில்காரர்களுக்கு இது பிடிக்காது, தெரியும். செய்தவர் ஊரைவிட்டுப் போய்விட, பெயரைப் புதுப்பிக்க ஆளில்லாமல், ஆஸ்பத்திரியின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். நோயாளி கையில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டில் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது.

பணம்? நான் மேலே சொன்ன ஏழும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஓடும் படங்கள் இல்லாததால் சுமாரான சிக்னலிலும் சட்டென்று திறக்கும். எழுத்தைப் பெரிதாக, வெள்ளையில் கறுப்பாகப் போட்டால் அறுபது வயதுக்காரரும் கண்ணாடியைத் தேடாமல் படிப்பார். ஊர்ப்பக்கத் தளமாக இருந்தால் தமிழை யூனிகோடில் எழுத வேண்டும். நோட்டீஸை ஸ்கேன் பண்ணிப் படமாக ஏற்றினால் தேடலிலும் சிக்காது, கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் கஷ்டம்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப்போலப் பொட்டி தட்டுகிறவர்கள்தான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா பார்க்கும் டாக்டரிடம் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி இந்த ஒரு பக்கத்தைச் செய்து கொடுங்கள். பெயரை அவர் பேரிலேயே பதிவு செய்யுங்கள். நேரம் மாறினால் அவருடைய கம்பவுண்டரே செல்போனிலிருந்து திருத்தும்படி அமைத்துக் கொடுங்கள். திரும்ப ரயிலேறிய பிறகு அதனால் முதலில் பலன் அடையப்போவது நீங்கள்தான்.

பொட்டி தட்டத் தெரியாதவர்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "டாக்டர், உங்க ஓ.பி. நேரத்தை வெப்சைட்ல போடுவீங்களா?" பத்துப் பேர் கேட்டால் போடுவார்கள். எனக்கும் நாலு உருப்படியான ஆணி கிடைக்கும் :-)