மாத்திரைக்கு மசியாத மலச்சிக்கல்

தினமும் காலையில் வயிறு சுத்தமாகாவிட்டால் உடம்பில் நஞ்சு சேர்ந்துவிடும் என்ற பயம் இன்னும் பலரை விடவில்லை. நூறாண்டுக்கு முன் லண்டன் கைஸ் மருத்துவமனையில் கொடிகட்டிப் பறந்த அறுவை மருத்துவர் அர்பத்நாட் லேனுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்த நஞ்சுக் கொள்கை பின்னர் நிலைக்கவில்லை.

நாளுக்கு மூன்று முறை போகிறவரும் சரி, வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் சரி, இயல்பானவர்களே. எத்தனை முறை என்பதைவிட, எப்படிப் போகிறது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. முக்க வேண்டியிருக்கிறதா, கட்டிகட்டியாக வருகிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா? மாதக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால் அது நாள்பட்ட மலச்சிக்கல்.

சிலருக்குக் காரணம் அவர்களின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான வெரபமில், வலிக்கான டிரமடால் எல்லாம் குடலை மந்தமாக்கும். தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படித்தான். ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சிக்கல் தொடங்கினாலோ கைவைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது.

பெரும்பாலோருக்கு நார்ச்சத்து உணவு, போதிய தண்ணீரோடு இசப்கோல், அதற்கும் அடங்காவிட்டால் பாலிஎதிலீன் கிளைகால் பொடி ஆகியவை போதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகச் சந்தைக்குப் போன நிலாவாரையும் இன்றுவரை மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

எதற்கும் மசியாதவர்கள்தான் கவலைக்குரியவர்கள். முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசைகள் இவர்களில் பலருக்கு எதிர்மாறாக இறுகிக்கொள்கின்றன. வாசல் அடைத்திருக்கும்போது மேலும் மேலும் பேதி மருந்து கொடுத்து என்ன பயன்? கையுறை அணிந்த விரலை உள்ளே வைத்து, "முக்குங்க" என்று சொல்லிப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவருக்குச் சந்தேகம் தட்டிவிடும். நோயாளியின் கூச்சத்தாலும் மருத்துவரின் அவசரத்தாலும் இந்த எளிய பரிசோதனை விட்டுப்போவது பெரும் அநியாயம். நீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, வெளியே தள்ளச் சொல்வது அடுத்த படி.

இதற்கு மருந்தைவிடப் பயிற்சிதான் கைகொடுக்கிறது. பயோஃபீட்பேக் என்ற அந்த முறையில், தன் தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் பார்த்துப் பார்த்தே நோயாளி பழகுகிறார். 2006-ல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 54 பேரில் 43 பேருக்கு ஆறு மாதத்தில் நல்ல குணம் தெரிந்தது. பாலிஎதிலீன் கிளைகால் பொடி சாப்பிட்ட 55 பேரில் 12 பேருக்குத்தான். பயிற்சியின் பலன் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நீடித்தது.