எந்தத் தண்ணி சார்?

சிவப்புத் தண்டு செலரி ஊட்டிக் குளிருக்கு ஜம்மென்று வரும். வாலாஜாபேட்டை வெயிலில், என் தொட்டியில் முளைத்த நாலாம் நாளே அப்பளம்!

"சிவப்புத் தண்டுதானே வேணும்? தண்டுக்கீரை போடுங்க" என்றாள் மனைவி. கடுகைவிடப் பொடி விதை. மணலோடு கலந்து தூவினேன். (எறும்புகளுக்குக் கல்யாண விருந்து.) தப்பியவை நாற்பது நாளில் விரல் கனம். குழம்பு பீட்ரூட் கலர். இரண்டிலும் ஒரே வகைச் சாயம்தான்.

ஆபீசில் பீற்றிக்கொண்டேன். பக்கத்து சீட்காரர் கேட்டார்: "எந்தத் தண்ணி சார் ஊத்தினீங்க?"

பகீரென்றது. தோல் பதனிடும் ரசாயனம் செய்த ஆலையின் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த ராணிப்பேட்டை பக்கத்தில்தான். குரோமியம் கலந்த தண்ணீர் என்றால் கீரை அதையும் சேர்த்தே உறிஞ்சும்.

தண்ணீர் இலாகா மனைவியுடையது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"அரிசி கழுவின தண்ணிதாங்க."

"அரிசியை எந்தத் தண்ணியில கழுவின?"