பால் எங்கே போனது?

ஒரு கதையைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். 1945ல் ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை' அது. கதையில் வரும் தலைவர்கள் பன்றிகள்! முகம் சுளிக்காதீர்கள். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

குடிகார முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகள் பண்ணையைக் கைப்பற்றுகின்றன. எல்லோரும் சமம் என்று சட்டம் எழுதுகின்றன. ஆண்டுகள் ஓடுகின்றன. கடைசியில் பன்றிகள் மனித முதலாளிகளோடு உட்கார்ந்து மது அருந்திச் சீட்டாடுகின்றன. ரஷ்யாவில் 1917ல் மன்னராட்சியை வீழ்த்திய புரட்சி, ஸ்டாலினின் கொடுங்கோன்மையில் போய் முடிந்ததைத்தான் ஆர்வெல் இப்படிச் சொன்னார்.

சிந்தித்துப் பாருங்கள்! இந்தச் சீரழிவு எந்த நாளில் ஆரம்பித்தது? நெப்போலியன் என்ற தலைமைப் பன்றி, நாய்களை ஏவித் தன் போட்டியாளனைத் துரத்திய அன்றா? எதிர்த்தவர்களைக் கொன்று குவித்த அன்றா? இல்லை! புரட்சி முடிந்த கையோடு ஐந்து வாளிப் பால் காணாமல் போனதே, அன்றுதான்! அதற்குப் பின் ஆப்பிள்களும் பன்றிகளுக்கே போயின. கதையின் திருப்புமுனையே அதுதான் என்று 1946ல் எழுதிய கடிதம் ஒன்றில் ஆர்வெலே சொல்லியிருக்கிறார்.

தலைவன் தனியாகக் கெடுவதில்லை. கெடுப்பதற்கு ஆட்கள் வேண்டும். ஸ்குவீலர் என்ற பேச்சாளன், மூளை உழைப்புக்குப் பால் அவசியம் என்று திருட்டுக்கு நியாயம் பேசினான். பாக்ஸர் என்ற குதிரை, தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாடாய் உழைத்தது. உடல் தளர்ந்ததும் அதை அடிமாட்டு வியாபாரிக்கு விற்று, அந்தக் காசில் தலைவர்கள் மது குடித்தார்கள்! பெஞ்சமின் என்ற கழுதைக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. நண்பனை வண்டியில் ஏற்றிய பிறகுதான் கத்தியது. என்ன பயன்?

மேடையில் பேசும் என்னைப் போன்றவர்களே, நாம் ஸ்குவீலரா? மார்க்கம் படித்த ஆலிம்களே, நாம் பெஞ்சமினா? கொடி பிடிக்கும் இளைஞனே, நீ பாக்ஸரா?

நம் மார்க்கம் இதற்கு வழி காட்டாமல் விடவில்லை. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டார்களா? மிம்பரில் ஏறி, தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இவருக்கு அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்தார்கள். முதல் வாளியிலேயே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இதன் பாடம்!

வியாபாரப் பெருமக்களே! இரவு கடை அடைக்கும் முன் கல்லாவை எண்ணாமல் வீட்டுக்குப் போவீர்களா? பத்து ரூபாய் குறைந்தாலும் தூக்கம் வராதே! சமுதாயத்துக்காக நீங்கள் கொடுத்த சந்தாவுக்கும் நன்கொடைக்கும் மட்டும் ஏன் கணக்குக் கேட்பதில்லை? தலைவர் மனம் புண்படும் என்றா? அமானிதத்தை விடவா அவர் மனம் பெரிது?

கணக்குக் கேட்பவனைத் துரோகி என்று சொன்னால், அங்கே பால் காணாமல் போயிருக்கிறது என்று புரிந்து கொள்ளுங்கள். உங்கள் ஜமாஅத்தில் கேளுங்கள். இந்த இயக்கத்திலும் கேளுங்கள். முதலில் எங்களைக் கேளுங்கள்!