எல்லா ரெக்கார்டுகளையும் அள்ளி வர வேண்டுமா?

பிஹெச்பி கற்கத் தொடங்குபவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். டேபிளில் 20 ரெக்கார்டுகள் உள்ளன; திரையில் ஒன்று மட்டும் தெரிகிறதே, ஏன்?

ஃபெட்ச் கட்டளை ஒரு முறைக்கு ஒரு ரெக்கார்டைத்தான் தரும். அதை ஒய்ல் லூப்பினுள் வைத்தால் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். வருவதை அர்ரேயின் கடைசியில் சேர்க்க வேண்டும். அர்ரேயின் பெயரை அடுத்து வெற்று சதுர அடைப்புக்குறி போட மறந்தால், புதியது வந்து பழையதை அழித்துவிடும். இறுதி ரெக்கார்டு மட்டுமே மிஞ்சும். பிடிஓ முறையில் லூப்பே தேவையில்லை. ஃபெட்ச்ஆல் என்ற ஒரே கட்டளை அனைத்தையும் அர்ரேயாகத் தந்துவிடும்.

இந்த வசதியே பலரைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரிகளின் புரோகிராம்களைச் சரிபார்க்கிறேன். முழு டேபிளையும் அர்ரேயில் ஏற்றி, முதல் 10ஐ மட்டும் காட்டுகிறார்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணுவதற்காகவே அனைத்தையும் கொண்டு வருபவர்களும் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் 20 ரெக்கார்டுகளை வைத்துச் சோதிக்கும்போது இந்தக் குறை தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரெக்கார்டு 1 கேபி இடம் பிடித்தால், 1 லட்சம் ரெக்கார்டுகளுக்குச் சுமார் 100 எம்பி ஆகும். பிஹெச்பி ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக அனுமதிப்பதே 128 எம்பிதான். அதைத் தாண்டினால் பக்கம் பாதியில் நின்றுவிடும்.

"மெமரி இப்போது மலிவுதானே, அளவைக் கூட்டிவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். ஒரே நேரத்தில் 50 பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் சர்வருக்குச் சுமார் 5 ஜிபி வேண்டுமே! அர்ரேயைத் தவிர்த்து, ரெக்கார்டு வர வர அச்சிட்டாலும் பயன் குறைவு. வழக்கமான அமைப்பில், லூப் தொடங்கும் முன்பே முழு விடையும் பிஹெச்பியின் மெமரிக்கு வந்துவிடுகிறது.

எனவே கேட்கும்போதே அளவாகக் கேளுங்கள். 10 வேண்டுமானால் குவரியில் லிமிட் 10 என்று சேருங்கள். எண்ணிக்கை வேண்டுமானால் கவுன்ட் போதும். நட்சத்திரக் குறியைப் போடாமல், தேவையான ஃபீல்டுகளின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். இப்படி வந்த சிறு பட்டியலை அர்ரேயில் வைப்பதில் தவறே இல்லை.

இன்னொன்று. பழைய புத்தகங்களில் காணும் மைஎஸ்க்யூஎல்_ஃபெட்ச்_அர்ரே கட்டளை, 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. கற்பதை மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓவில் தொடங்குங்கள்.