கையை ஆட்டுவது யார்?



எந்த வாதத்திலும் தோற்றுப்போன வைதீகர்கள் கடைசியாகக் கொண்டு வந்து நிறுத்துகின்ற பேர்வழி ஆத்மா என்பதாகும். "உன் கையைத் தூக்குவது எது? எலும்பா, சதையா? பிணத்துக்கும்தான் எலும்பும் சதையும் இருக்கின்றன. அது ஏன் தூக்கவில்லை? ஆகவே உள்ளே ஒருவன் இருந்து ஆட்டுகிறான், அவனையும் ஆட்டுகிறவன் ஆண்டவன்" என்று சொல்லிவிட்டு, இதற்குப் பதிலே கிடையாதென்று மார்தட்டுகிறார்கள். இதற்குப் பதில் கிடைத்து 150 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. அது எந்த வேதத்திலிருந்தும் கிடைக்கவில்லை; ஒரு சிறு மின்சாரக் கம்பியின் முனையிலிருந்து கிடைத்தது. அதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

1870ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த ஃப்ரிட்ச், ஹிட்ஸிக் என்ற இரண்டு டாக்டர்கள் பெர்லின் நகரில் ஒரு நாயின் மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பில் மின்சாரத்தை லேசாகச் செலுத்தினார்கள். எவ்வளவு மின்சாரமென்றால், நாக்கு நுனியில் வைத்தால் சிறிது உறைக்கக்கூடிய அளவுதான். முன்பாகத்தில் சில இடங்களைத் தொட்டபோது நாயின் எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. வேறு இடங்களைத் தொட்டபோது ஒன்றும் அசையவில்லை. மூளையின் மேற்பரப்பைத் தூண்டினால் எந்த அவயவமும் அசையாதென்று அதுவரை சாதித்து வந்த பெரிய பெரிய பண்டிதர்களின் வாய் அன்று அடைபட்டது.

இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் என்பவர் 1873ல் இச்சோதனையைத் தொடங்கி, பிறகு குரங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்து அவற்றின் மூளையையும் சோதித்தார். ஓரிடத்தைத் தொட்டால் கை, ஓரிடத்தைத் தொட்டால் கால், ஓரிடத்தைத் தொட்டால் முகம் என்று தனித்தனியே அசைந்தன. இதை ஒப்பாதவர்களும் இருந்தார்கள். 1881ல் லண்டனில் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டில் கோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர், மூளையில் அப்படி இடம் பிரிந்திருக்கவில்லை என்று வாதாடினார். ஃபெரியரோ, மூளையின் ஒரு பக்கத்தில் அந்தப் பகுதி அகற்றப்பட்ட ஒரு குரங்கையே கொண்டுவந்து காட்டினார். அதன் எதிர்ப்பக்கத்துக் கை கால், பக்கவாதம் கண்ட மனிதனுக்கு இருப்பது போலவே விளங்காமல் இருந்தன. அங்கே எந்த ரிஷி வாக்கும் பிரமாணமாகக் காட்டப்படவில்லை. "பார்" என்றார்கள், பார்த்தார்கள், தீர்ந்தது.

பிறகு ஷெரிங்டன், க்ரூன்பாம் என்பவர்கள் 1901 முதல் சிம்பன்சி, ஒராங்குட்டான், கொரில்லா ஆகிய வாலில்லாக் குரங்குகளின் மூளையைச் சோதித்து, இந்த அசைவுப் பகுதி மூளையின் நடுவில் இறங்குகின்ற பெரிய பிளவுக்கு முன்புறத்தில் இருப்பதைத் தெளிவாக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். காலுக்குரிய இடம் உச்சியில் இருக்கிறது. முகத்துக்குரிய இடம் கீழே இருக்கிறது. காலை இழிவென்றும் முகத்தை உயர்வென்றும் வகுத்து வைத்தவர்கள் இதைச் சற்று கவனிப்பார்களாக.

குரங்குக்கு ஆத்மா சிறியது, மனிதனுக்கு அப்படியல்ல என்று சிலர் சொல்லக்கூடும். கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டு என்ற டாக்டர், வலிப்பு நோயாளிகளுக்குத் தலையின் தோல் மாத்திரம் மரத்துப் போகச் செய்து, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையில் மின்சாரத்தைச் செலுத்தினார். மூளைக்கு வலி தெரியாது. நோயாளியின் கை தானே அசைந்தது. கேட்டால், "நான் அசைக்கவில்லை, டாக்டர்தான் அசைத்தார்" என்ற பொருள்படச் சொன்னார்கள். இந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 1937ல் வெளிவந்தன. அன்றியும், 2002ல் அமெரிக்காவில் கிராஜியானோவும் அவர் கூட்டத்தாரும் குரங்கின் மூளையில் அரை வினாடி மின்சாரம் செலுத்தியபோது, ஓரிடத்தில் கை மடங்கி வாய்க்குப் போக, வாயும் அதற்காகத் திறந்தது. வேறோரிடத்தில் அடியைத் தடுப்பது போலக் கை எழுந்தது. இரையுமில்லை, எதிரியுமில்லை, மின்சாரம் மட்டும் இருந்தது.

நிற்க, இதற்கும் ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். "மூளை வீணை, ஆத்மா வீணை வாசிப்பவன். தந்தியை யார் மீட்டினாலும் நாதம் வரும். அதனால் வித்வான் இல்லையென்று ஆகிவிடுமா?" என்கிறார்கள். பென்ஃபீல்டும் தம் முதுமையில் 1975ல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பக்கமே சாய்ந்தார். மின்சாரம் கையை அசைக்கிறதே தவிர, அசைக்க வேண்டுமென்ற எண்ணத்தை உண்டாக்கவில்லை என்பது அவருடைய வாதம். அவர் பெரிய டாக்டர் என்பதற்காக நாம் அதை ஒப்ப வேண்டியதில்லை. 2009ல் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்களான தெமுர்ஜேயும் சிரிகுவும், விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் அந்தப் பிளவுக்குப் பின்னாலுள்ள ஒரு பகுதியைத் தூண்டினார்கள். கையை அசைக்க வேண்டுமென்ற ஆசையே அவர்களுக்கு உண்டாயிற்று! மின்சாரத்தைக் கூட்டியபோது, கை கொஞ்சமும் அசையாமலிருக்க, அசைத்துவிட்டோம் என்றே நம்பினார்கள். வீணையைத் தொட்டதும் வாசிக்கும் ஆசை வித்வானுக்கு வருமானால், அந்த வித்வான் வீணைக்கு வெளியே எங்கே இருக்கிறான் என்று கேட்கிறோம்.

பிணம் ஏன் கையைத் தூக்கவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மூளையின் அணுக்கள் ரத்தத்திலிருந்து கிடைக்கும் பிராணவாயுவையும் சர்க்கரையையும் கொண்டு தாமே மின்சாரத்தை உண்டாக்கிக் கொள்ளுகின்றன. ரத்த ஓட்டம் நின்றால் சில நிமிஷங்களில் அவை சாகத் தொடங்குகின்றன. எண்ணெய் தீர்ந்த விளக்கிலிருந்து சுடர் எங்கே போயிற்றென்று யாரும் தேடுவதில்லை.

இதெல்லாம் படித்தவர்களின் வாதம், நமக்கென்ன என்று தோழர்கள் இருந்துவிடக்கூடாது. சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் துவங்கி, கைக்கும் முகத்துக்கும் வரிசையாக ஏறுகிறது. அந்த வரிசை மூளைப் படத்தில் இருக்கும் வரிசையே என்பதை, குரங்குச் சோதனைக்கு முன்னமே ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்ற லண்டன் டாக்டர் நோயாளிகளைப் பார்த்தே யூகித்தார். பேய் பிடிப்பதுதான் வலிப்பென்றால், மூளைப் படத்தைப் பேய்க்கு யார் கொடுத்தார்?

வலது கை திடீரென்று விழுந்துவிட்டால், பெரும்பாலும் கோளாறு இடது மூளையில் இருக்கிறது. ரத்தக் குழாய் அடைபட்டதனால் நேர்ந்ததென்றால், அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தை வேப்பிலைக்கும் விபூதிக்கும் கொடுத்துவிட்டு, பிறகு தலைவிதி என்று அழுவதில் என்ன பயன்? கோளாறு மூளையில் இருக்கும்போது மந்திரவாதி வீட்டில் என்ன வேலை? உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்! ஆத்மா என்று ஒன்று இருக்குமானால், அது பிறகு சாவகாசமாக வந்து தன்னை மெய்ப்பித்துக் கொள்ளட்டும்.